முன்னர் வந்த புற்றுநோயும் பின்னர் வந்த சுவாசப்பை நோயும்

விழா மலரொன்றிலே நோயைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என்று ஐயுறுவாரும் உளர். ஆயினும், பழைய மாணவர் ஓரிடத்திற் கூடும்போது, வகுப்பிலே தம்முடன் வாங்கில் அமர்ந்திருந்தவர் இன்று எங்குளர், எவ்வாறுளர் என்று வினவுதல் இயல்பு. அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடைகளுள் புற்றுநோய் என்னுஞ் சொல் அடிக்கடி வருகின்றது. முன்னாளில் அச்சொல்லுடன் பேச்சு நின்றுவிடும். இன்று நிற்பதில்லை. நோய் வந்தது, வைத்தியம் நடந்தது, குணமடைந்து பத்தாண்டாக வேலை பார்க்கின்றார் என்று கேட்கும் மகிழ்ச்சி நமக்குப் பலமுறை கிட்டுகின்றது.

இம்மகிழ்ச்சியோடு கூடவே ஒரு புதிய வினாவும் எழுந்துள்ளது. ஒரு முறை புற்றுநோயினின்று மீண்ட ஒருவருக்குப் பின்னர் சுவாசப்பையிலே வேறொரு புற்றுநோய் தோன்றுமாயின், அவருடைய நிலை மற்றையோரின் நிலையினும் மோசமானதா? முந்திய நோய் அவருடைய எஞ்சிய ஆயுளைக் குறைக்கின்றதா? சிறப்பாக, அறுபத்தைந்து வயதை எட்டாதவர் திறத்தில் இதற்கு விடை யாது? இக்கட்டுரை அவ்வினாவை ஆராய முற்படுகின்றது. விடையைப் பொறுத்தே சிலருக்குச் சிகிச்சையின் கதவு திறக்கப்படுதலும் மூடப்படுதலும் நிகழ்கின்றன. ஆதலால் இது வைத்தியர் மட்டும் அறிந்து வைத்தற்குரிய நுட்பமன்று.

இரண்டாம் நோய் என்பது யாது?

முதலிலே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மார்பிலோ குடலிலோ தோன்றிய புற்றுநோய் இரத்தத்தின் வழியாகச் சென்று சுவாசப்பையிற் படிதல் உண்டு. அது சுவாசப்பைப் புற்றுநோய் அன்று. பழைய நோயின் பரவலே. சுவாசப்பையின் சொந்தக் கலங்களிலிருந்து புதிதாகத் தோன்றுவதே நாம் இங்கே கருதும் இரண்டாம் நோய். இவ்விரண்டையும் பிரித்தறிதற்கு வேண்டிய விதிகளை 1932 ஆம் ஆண்டிலே அமெரிக்க நோயியலறிஞரான சீல்ட்ஸ் வொறன், ஒலிவ் கேற்ஸ் என்னும் இருவரும் வகுத்துத் தந்தனர். இரு கட்டிகளும் புற்றுத்தன்மை உடையனவாயிருத்தல் வேண்டும். ஒன்றுக்கொன்று வேறானவையாயிருத்தல் வேண்டும். ஒன்று மற்றதன் பரவல் அன்று என்பது தெளிதல் வேண்டும். அவர்கள் சொன்னவற்றின் சாரம் இதுவே.

இக்காலத்தில் நுணுக்குக்காட்டியோடு பரம்பரையலகுச் சோதனையும் துணைநிற்கின்றது. சுவாசப்பையிற் புதிதாக ஒரு புள்ளி தென்பட்டதும் அது பழைய நோயே என்று முடிவு கட்டாது, சிறு இழையத் துண்டொன்றை எடுத்துச் சோதித்தல் இன்றியமையாதது. பரவலெனப் பிழையாக எண்ணப்பட்டமையால், அறுத்தகற்றக்கூடிய ஒரு புதுக்கட்டி அகற்றப்படாது போதலினும் பெரிய இழப்பு வேறில்லை.

இத்தகையோர் எத்தனை பேர்?

ஐக்கிய அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டு முதல் நாட்டின் பல பகுதிகளிலும் புற்றுநோயாளர் பதிவேடு ஒன்று ஒழுங்காகப் பேணப்பட்டு வருகின்றது. 2009 முதல் 2013 வரை அதிற் புதிதாகப் பதியப்பட்ட நோயாளரை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்ட கணக்கின்படி, அறுபத்தைந்தும் அதற்கு மேற்பட்ட வயதுமுடையோரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் முன்னரே ஒரு புற்றுநோயைக் கண்டவர். அவ்வயதுக்கு உட்பட்டோரில் நூற்றுக்குப் பதினொருவர் அத்தகையோர். பதினொருவர் என்பது சிறு தொகையன்று. ஒன்பது நோயாளர் வரிசையில் நின்றால், அவருள் ஒருவர் இப்போராட்டத்தை இரண்டாம் முறை தொடங்குகின்றார் என்பது அதன் பொருள்.

சுவாசப்பை நோயிலே அறுபத்தைந்துக்கு உட்பட்டவரை இளவயதினர் என்றல் சிலருக்கு நகைப்பைத் தரலாம். அமெரிக்காவில் அந்நோய் கண்டுபிடிக்கப்படும் சராசரி வயது எழுபதை அண்மியது. அதனோடு ஒப்பிடுமிடத்து ஐம்பது வயதினர் இளையரே. பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளும், முடிக்கவேண்டிய கடமைகளும் அவருக்கு இன்னும் உள.

மூடப்பட்ட கதவு

புதிய மருந்தொன்றின் பயனை அறிதற்கு வைத்தியர் நடத்தும் சிகிச்சைப் பரிசோதனைகளில், முன்னர் புற்றுநோய் கண்டவரைச் சேர்ப்பதில்லை என்பது நெடுங்கால வழக்கம். ஐந்து ஆண்டுகளுக்குள் வேறு புற்றுநோய் இருந்திருத்தல் ஆகாது என்பது அவ்விதியின் பொதுவான வடிவம். பழைய நோய் மீண்டும் வந்து நோயாளரின் ஆயுளைக் குறைத்தால், புதிய மருந்தின் பயன் சரியாக விளங்காது என்னும் அச்சமே இதற்குக் காரணம். அச்சம் நியாயமானதே. அது உண்மையா என்று சோதித்துப் பார்த்தவர் மட்டும் நெடுங்காலம் இருந்திலர்.

டலஸ் நகரிலுள்ள டெக்சாஸ் தென்மேற்கு வைத்திய நிலையத்தைச் சேர்ந்த டேவிட் கேர்பரும் அவர்தம் தோழரும் இதனைச் சோதிக்க முன்வந்தனர். அமெரிக்கக் கூட்டுறவுக் குழுவொன்று நடத்திய 51 சுவாசப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனைகளை அவர்கள் ஆராய்ந்து 2014 இல் வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு எண்பது பரிசோதனைகள் முன்னைய நோயுள்ளவரை விலக்கியிருந்தன. சில பரிசோதனைகளில் இவ்வொரு விதியினாலேயே நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் வரையில் இடமிழந்திருக்கக்கூடும் என மதிப்பிடப்பட்டது.

முதியோர் திறத்திற் கண்ட முடிவு

அடுத்து, 2015 ஆம் ஆண்டில், அதே குழுவினர் முக்கியமான முடிவொன்றை வெளியிட்டனர். அறுபத்தைந்து வயதைக் கடந்த, நோய் உடலெங்கும் பரவிய நான்காம் நிலையிலிருந்த 102,929 சுவாசப்பை நோயாளரின் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவருள் நூற்றுக்கு 14.7 பேர் முன்னரே வேறொரு புற்றுநோயைக் கண்டவர். வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தபோது, முந்திய நோயுடையோர் மற்றையோரினும் விரைவில் இறக்கவில்லை. எக்காரணத்தாலும் நிகழும் இறப்பின் வேகம் மற்றையோருக்கு 100 ஆயின், இவர்களுக்கு 93. சுவாசப்பை நோயினாலேயே நிகழும் இறப்பின் வேகம் 81 மட்டுமே.

இதனைக் கேட்டவுடன், முன்னைய புற்றுநோய் நன்மை செய்கின்றதோ என்று எண்ணிவிடலாகாது. எண்களின் பின்னே மறைந்து நிற்கும் காரணங்கள் சில உள. முதலாவது, ஒரு நோயை வென்று இரண்டாம் நோய்வரை வாழ்ந்தவரே இக்கணக்கில் வருகின்றனர்; முதல் நோயிலேயே மாண்டோர் இதிற் சேரார். வலியவரே எஞ்சி நிற்கும் கூட்டம் இது. இரண்டாவது, முன்னர் நோயுற்றவர் ஒழுங்காக வைத்தியரிடஞ் செல்பவர்; இருமல் ஒன்று தோன்றினும் படம் எடுத்துப் பார்ப்பவர். ஆதலால் நோய் சற்று முந்தித் தெரியவருகின்றது. முந்தித் தெரிந்தமையால் வாழ்ந்த காலம் நீண்டதுபோல் கணக்கிலே தோன்றும். மூன்றாவது, இரு புற்றுநோய் கண்ட ஒருவர் இறந்தால், மரணப் பத்திரத்தில் எந்நோயை எழுதுவது? சில வேளைகளிற் பழைய நோயின் பெயரே எழுதப்படும். 93 என்னும் எண்ணுக்கும் 81 என்னும் எண்ணுக்கும் இடையிலுள்ள வேற்றுமையில் ஒரு பகுதி இதனாலும் வந்திருக்கலாம்.

இவை யாவற்றையும் கழித்தபின்னும் ஓருண்மை நிலைத்து நிற்கின்றது. பரவிய சுவாசப்பை நோயுள்ள முதியவருக்குப் பழைய புற்றுநோய் ஒன்று இருந்தமையைக் காட்டிச் சிகிச்சைப் பரிசோதனையின் கதவை மூடுதற்கு நியாயம் இல்லை.

இளவயதினர் வேறுபடுவது ஏன்?

இனி, இம்முடிவை அப்படியே எடுத்து நாற்பது ஐம்பது வயதினர்க்கும் பொருத்தலாமா? ஈண்டே கவனம் வேண்டும். இதனை மூன்று கூறாக நோக்குவோம்.

முதலாவது, முந்திய நோயின் வகை. முதியோருக்கு முன்னர் வந்த புற்றுநோய்களுள் ஆண்களின் புறொஸ்ரேற் சுரப்பி நோயும் பெண்களின் மார்பு நோயும் பெரும்பான்மையானவை. அவற்றுட் பல ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, நெடுங்காலம் தொல்லை தராது அடங்கிக் கிடப்பவை. இளமையிலே வரும் நோய்களோ வேறு. நிணநீர்க் கணுக்களைப் பற்றும் ஹொட்ஜ்கின் நோய், என்பிலும் தசையிலும் தோன்றும் கட்டிகள், இளவயது மார்பு நோய் என்பன அவற்றுட் சில. இவற்றைக் குணப்படுத்தக் கடுமையான சிகிச்சை வேண்டியிருந்தது.

இரண்டாவது, அச்சிகிச்சை உடலில் விட்டுச் சென்ற சுவடு. ஹொட்ஜ்கின் நோயை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் இருபதும் முப்பதும் வயதினரைப் பற்றும் இந்நோயை, நெஞ்சிற் கதிர் பாய்ச்சியும் இரசாயன மருந்து கொடுத்தும் வைத்தியர் வென்றனர். புற்றுநோய் வரலாற்றில் அது பெருவெற்றி. எனினும் அக்கதிர் சுவாசப்பையின் கலங்களையும் தொட்டது. 1965 க்கும் 1994 க்கும் இடையில் அந்நோய் கண்ட 19,046 பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2002 இல் வெளிவந்தது. அவருட் பின்னர் சுவாசப்பைப் புற்றுநோய் கண்ட 222 பேரின் வரலாறு நுணுகி ஆராயப்பட்டது. கதிரும், சிலவகை இரசாயன மருந்துகளும் தனித்தனியே ஆபத்தைக் கூட்டின. புகைப்பழக்கமோ அவ்வாபத்தைக் கூட்டியதன்று, பெருக்கியது. சிகிச்சையால் வந்த ஆபத்தைப் புகையிலை பன்மடங்காக்கியது.

அத்தகையோருக்குச் சுவாசப்பை நோய் வந்தபின் ஆயுள் எவ்வாறு? ஹொட்ஜ்கின் நோயினின்று மீண்டு பின்னர் சுவாசப்பை நோய் கண்ட 187 பேரைப் பற்றிய ஆய்வு 2011 இல் வெளிவந்தது. நோய் பரவிய அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும், அவர்கள் முந்திய நோயில்லாத மற்றைய சுவாசப்பை நோயாளரினும் குறைந்த காலமே வாழ்ந்தனர். காரணங்களை ஊகித்தல் அரிதன்று. ஒரு முறை கதிர்பட்ட நெஞ்சிற்கு மறுமுறை முழு அளவிற் கதிர் பாய்ச்சுதல் கடினம். கதிராலும் சில மருந்துகளாலும் இருதயம் நலிந்திருக்கும். பிளியோமைசின் போன்ற மருந்து சுவாசப்பையின் இழையத்தைத் தடிக்கச் செய்திருக்கும். ஆதலால் ஒரு மடலை அறுத்தகற்றினால் எஞ்சிய பகுதி மூச்சைத் தாங்குமோ என்று சத்திரசிகிச்சை நிபுணர் தயங்குவர். முதற்போரில் வென்ற படையாயினும், இரண்டாம் போருக்கு அதன் களஞ்சியத்தில் அம்புகள் குறைவு.

சிலரிடத்திலே சிகிச்சையன்றிப் பிறப்பே காரணமாதலும் உண்டு. பிரெட்றிக் லீ, ஜோசப் பிரோமெனி என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் 1969 இல் விவரித்த குடும்பநோயிலே, கலங்களைக் காக்கும் பரம்பரையலகு ஒன்று பிறவியிலேயே பழுதுற்றிருக்கும். அக்குடும்பத்தினர்க்கு இளமையிலேயே பலவகைப் புற்றுநோய்கள் அடுத்தடுத்து வருதல் உண்டு. சுவாசப்பை நோயும் அவற்றுள் ஒன்று. இளவயதில் இரு புற்றுநோய் கண்டவரிடம் குடும்ப வரலாற்றை வைத்தியர் விரிவாக வினவுதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது கூறு கணக்கைப் பற்றியது. எனினும் எல்லாவற்றினும் விளக்கம் தருவது.

நோயின் நிலையும் கணக்கின் நியாயமும்

சுவாசப்பை நோய் தோன்றிய இடத்திலேயே அடங்கியிருக்கையிற் கண்டுபிடிக்கப்பட்டால், அமெரிக்கப் பதிவுகளின்படி நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ, நூற்றுக்குப் பதின்மரும் கடப்பதில்லை. பின்னைய நிலையில் ஒருவருடைய ஆயுளைத் தீர்மானிப்பது இன்றைய நோயே. பெருவெள்ளம் பாயுமிடத்திற் கிணற்று நீர் உவரோ நன்னீரோ என்று எவரும் ஆராயார். முந்திய நோய் செய்யக்கூடிய தீங்கு அங்கே வெளிப்படுதற்குக் கால இடைவெளியே இல்லை.

முன்னைய நிலையிலே கதை மாறுகின்றது. சுவாசப்பை நோய் குணப்படக்கூடியதாயிருக்கும்போது, நோயாளருக்கு முன்னே பத்தாண்டும் இருபதாண்டும் விரிந்து கிடக்கின்றன. அக்காலத்தில் பழைய நோய் மீளுதலும், பழைய சிகிச்சையால் இருதயம் தளர்தலும், மூன்றாவது புற்றுநோய் தோன்றுதலும் கணக்கில் ஏறும். எழுபத்தைந்து வயதினர்க்கு இவற்றோடு மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு எனப் பிற மரணக் காரணங்கள் பல போட்டியிடுவதால், பழைய நோயின் பங்கு அவற்றினிடையே மறைந்துபோம். ஐம்பது வயதினர்க்கு அப்பிற காரணங்கள் சிலவே. ஆதலால் பழைய நோயின் நிழல் அவரிடத்தே தெளிவாகத் தென்படும்.

இந்நியாயத்தின் பயன் இது: இளவயதினரின் ஆரம்ப நிலைச் சுவாசப்பை நோயில், முந்திய புற்றுநோயைப் பொருட்படுத்துதல் வேண்டும், முற்றிய நிலையில், அதனைப் பெரிதாக்கிச் சிகிச்சையை மறுத்தல் ஆகாது.

இதிலும் ஒரு மாற்றம் அண்மையில் நேர்ந்துள்ளது. புகைபிடியாத இளவயதினரின் சுவாசப்பைக் கட்டிகளிற் சிலவகைப் பரம்பரையலகு விகாரங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகள் இப்போது உள. அவற்றுள் ஒன்றாகிய லோர்லற்றினிப் என்னும் மருந்தின் ஐந்தாண்டுப் பயன் 2024 இல் வெளியிடப்பட்டது. குறித்த ஒருவகை விகாரமுடைய, நோய் முற்றியிருந்தோரில் நூற்றுக்கு அறுபதின்மருக்கு ஐந்து ஆண்டு கடந்தும் நோய் முன்னேறவில்லை. நான்காம் நிலை என்றால் சில மாதங்களே என்ற பழைய கணக்கு இத்தகையோருக்குப் பொருந்தாது. வாழ்நாள் நீளநீள, பழைய நோயைக் கண்காணிக்கும் கடமையும் நீளும். அம்மருந்துகள் பிறந்தமைக்குச் சிகிச்சைப் பரிசோதனைகளே காரணமாதலின், அவற்றின் வாயிலை இளவயதினர்க்கு அடைத்தலாலாகும் இழப்பும் முன்னினும் பெரிது.

விதி தளர்ந்த வரலாறு

மேற்சொன்ன ஆராய்ச்சிகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கத்தாரும் அவரோடு சேர்ந்து உழைத்தோரும் 2017 இல் வெளியிட்ட பரிந்துரைகளில், முன்னைய புற்றுநோயை மட்டும் காரணமாகக் காட்டி நோயாளரை விலக்கலாகாது என வற்புறுத்தினர். அந்நாட்டின் உணவு மருந்து நிருவாகம் 2020 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இதே கருத்தைத் தழுவி வழிகாட்டியொன்றை வெளியிட்டது. பழைய நோயாலோ அதன் சிகிச்சையாலோ புதிய மருந்தின் பாதுகாப்பையும் பயனையும் அறிதற்கு இடையூறு நேராதாயின், அந்நோயாளர் சேர்க்கப்படலாம் என்பதே அதன் கருத்து. ஆண்டுகளை எண்ணி விலக்கிய விதி, ஆளைப் பார்த்து முடிவுசெய்யும் விதியாக மாறத் தொடங்கியது.

நாம் செய்யத்தக்கன

ஒரு முறை நோயினின்று மீண்டோர் நம்மிடையே பலர் உளராதலின், அவர்பொருட்டுச் சில சொல்லுதல் கடன்.

பழைய சிகிச்சையின் பத்திரங்களைப் பேணுதல் முதலாவது. எந்நோய், எவ்வாண்டு, எம்மருந்து எவ்வளவு, உடலின் எப்பகுதியிற் கதிர் எவ்வளவு பாய்ச்சப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதுவித்துக் காணி உறுதியைப் போலப் பத்திரமாக வைத்தல் வேண்டும். இருபது ஆண்டின் பின் வேறு நாட்டில் வேறு வைத்தியர் முன்னிலையில் அத்தாளே பேசும். பிறந்த மண்ணை விட்டுப் பல தேசங்களிற் சிதறி வாழும் நம்மவர்க்கு இது மிகவும் பொருந்தும்.

புகையிலையை விடுதல் இரண்டாவது. சிகரெற்றோ சுருட்டோ பீடியோ, நெஞ்சிற் கதிர்பட்டவருக்கு அது பிறரினும் பன்மடங்கு கொடியது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயே முதலிடம் பெறுகின்றது. வாயிலும் தொண்டையிலும் நோய் கண்ட புகைப்போருக்கு, அதே புகை தீண்டிய சுவாசப்பையிலும் பின்னர் நோய் தோன்றக்கூடும். புகைபட்ட நிலப்பரப்பு முழுவதும் பழுதுறுகின்றது என்னும் கருத்தைச் சிலோற்றர் என்னும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணரும் அவர்தம் தோழரும் 1953 ஆம் ஆண்டிலேயே வாய்ப் புற்றுநோயை ஆராய்ந்து வெளியிட்டனர். நோய் வந்தபின் புகைத்தலை விடுவதால் யாது பயன் என்று கேட்பாருக்கு விடை: வந்தபின் விட்டவரும் விடாதவரினும் நெடுங்காலம் வாழ்கின்றனர்.

தொடர்ந்து கண்காணித்தல் மூன்றாவது. மிகுதியாகப் புகைத்தோரை ஆண்டுதோறும் குறைந்த கதிரளவுச் சீ.ரீ. ஸ்கான் மூலம் சோதித்தால், சாதாரண நெஞ்சுப் படம் எடுப்பதிலும் சுவாசப்பைப் புற்றுநோய் மரணங்கள் நூற்றுக்கு இருபது குறைகின்றன என்பதை அமெரிக்காவில் நடந்த பெரும் பரிசோதனை 2011 இல் நிலைநாட்டியது. பழைய நோயுள்ளவர் தமக்கு இச்சோதனை தகுமா என்று வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலையும், சளியில் இரத்தத்தையும் அற்பமென விடலாகாது.

இறுதியாக, கேட்கத் தயங்காமை. "உமக்கு முன்னரே புற்றுநோய் இருந்தது" என்று சொல்லி எவரேனும் சிகிச்சையை மறுத்தால், பணிவோடு நான்கு வினாக்களை வினவலாம். முந்திய நோய் எவ்வகையது? எப்போது வந்தது? எவ்வாறு குணப்படுத்தப்பட்டது? இன்றைய நோய் எந்நிலையில் உள்ளது? இந்நான்குக்கும் விடை காணாமற் கூறப்படும் முடிவு, முடிவாகாது.

வினாத்தாளைப் படியாமல் விடை எழுதாதே என்பது வகுப்பறையில் நாம் யாவரும் கேட்ட புத்திமதி. முன்னர் நோய் கண்டவர் என்னும் ஒரு வரியை மட்டும் படித்து அவருடைய ஆயுளுக்கு எல்லை வகுப்போருக்கும் அப்புத்திமதியே ஏற்றது. ஒரு முறை மீண்டு வந்தவர் மறுமுறையும் வைத்தியசாலை வாயிலில் நிற்பாராயின், அவருடைய வரலாறு முழுவதும் படிக்கப்படல் வேண்டும். அவ்வாயிலில் அவருக்குத் துணையாகச் சென்று, அவர் கேட்க மறந்த வினாவை நினைவூட்டும் ஒரு பழைய தோழர் அருகிருப்பாராயின், ஒன்றாகப் படித்த நட்பின் பயன் அதுவே.